கவனமானவர்களைக் கவ்விய குட்டி

மிருக வைத்தியர் அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் மாடுகளைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். மாட்டைப் பற்றி உங்களுக்குப் புத்தகங்கள் சொல்லும். அதைவிட அதிகமாக மாடே சொல்லும். நான் ஒரு நாய்க்குட்டியைப் பற்றிச் சொல்கிறேன். ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னர் என்னிடம் வந்த கேஸ் அது. ஊசி இல்லை, மருந்து இல்லை, கட்டுப்போட ஒரு காயம்கூட இல்லை. ஆனாலும் என்னை அந்த அளவுக்கு யோசிக்க வைத்த மிருகம் வேறொன்று இல்லை.

பள்ளிவாசல்துறைப் பக்கம் ஓர் ஒழுங்கை. ஒரு கார் அடைத்துக்கொண்டு போகிற அகலம், இரண்டு பக்கமும் கிடுகு வேலி, இடையிடையே மதில், கீழே கடல் மணல். நடுவில் ஒழுங்கை சட்டென்று திரும்புகிற ஒரு முடக்கு இருக்கிறது. முடக்கில் பொதுத் தண்ணீர்க் குழாய். அந்த ஒழுங்கையில் இருப்பவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்கள். ஒழுங்கை முடிகிற தொங்கலில் இருக்கும் வீடு ஸ்டெல்லாவுடையது. கத்தோலிக்கப் பெண், கணவனை இழந்தவர், ஒரே மகள் இத்தாலியில். ஸ்டெல்லாவுக்குச் சீனி வருத்தம், இரத்தத்தில் சர்க்கரை. தினமும் நடக்க வேண்டும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். கணவன் போன பிறகு அவர் வேலிப் படலைக்கு வெளியே வருவதே மாதாவின் திருநாளுக்குத்தான் என்று அக்கம்பக்கத்தார் சொல்வார்கள்.

அப்படி இருந்த மனுசியை வெளியே இழுத்து வந்தது ஒரு நாய்க்குட்டி. சிங்களத்தில் சின்னது என்று பொருள்படும் சூட்டி என்ற பெயர் அதற்கு. மீன் சந்தையில் யாரோ விட்டுப்போன மண்ணிறக் குட்டி. கயிற்றின் ஒரு முனையில் சூட்டி, மறு முனையில் ஸ்டெல்லா. காலையும் மாலையும் கடலேரி வரை போய் வந்தார்கள். ஸ்டெல்லாவின் சீனி இறங்கியது. முகத்தில் களை வந்தது. கூடவே வில்லங்கமும் வந்தது.

எதிரே வருகிறவர்களைச் சூட்டி கவ்வும். பெரிய கடி இல்லை. ஓடிப்போய் ஆண்கள் உடுத்தும் சாரத்தின் கரையையோ அபாயாவின் விளிம்பையோ பிடித்துத் தொங்கும். சில வேளை பல் காலிலும் படும். பால்பல் போய்ப் புதுப்பல் முளைக்கிற வயசு, வாய் சும்மா இருக்காது. வேறு ஒழுங்கையாக இருந்தால் 'சீ போ' என்று காலை உதறிவிட்டுப் போயிருப்பார்கள். இங்கே நாயின் எச்சில் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்த தண்ணீரால். தொழுகைக்குப் பாங்கு சொன்ன பிறகு பள்ளிக்குப் போகிற மனிதருக்கு அது எவ்வளவு பெரிய வேலை என்று யோசித்துப் பாருங்கள். வீட்டுக்குத் திரும்பி, கழுவி, உடுப்பு மாற்றி, மறுபடியும் கை கால் முகம் கழுவி உளு எடுத்து, ஓட்டமும் நடையுமாகப் போவதற்குள் தொழுகை முடிந்துவிடும்.

ஸ்டெல்லா என்னிடம் வந்தபோது சூட்டியைக் கையில் குழந்தை மாதிரித் தூக்கி வைத்திருந்தார். இத்தாலி மகள் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லிவிட்டாளாம். கடலேரியோரம் ஓர் இறால் பண்ணை, காவலுக்கு நாய் தேடுகிறார்கள், அங்கே கொடுத்துவிடட்டாம்.

"அங்க சங்கிலியில கட்டிப் போடுவாங்க மிஸ். நான் பாத்திருக்கிறன். வெயிலுக்கு ஒரு தகரம், அவ்வளவுதான். இத நான் குடுக்க மாட்டன். குடுத்தா நானும் திரும்ப வீட்டுக்குள்ளதான்."

கடைசி வசனத்தைச் சொல்லும்போது குட்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நடக்காமல் விட்டால் தனக்கு என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

நான் உடனே வைத்தியம் சொன்னேன். புதிய ஆட்களைக் கண்டு பதற்றப்படுகிற குட்டிக்கு வழக்கமாகச் சொல்கிற வைத்தியம்தான். எதிரே வருகிறவர் கையில் ஒரு பிஸ்கட் துண்டைக் கொடுங்கள், அவர் குட்டிக்குக் கொடுக்கட்டும், புதிய ஆள் என்றால் நல்லது என்று அது பழகிவிடும். சிலாபத்தில் வேலை செய்த காலத்தில் எத்தனையோ வீடுகளில் இது பலித்திருக்கிறது. தடுப்பூசியெல்லாம் போட்டாயிற்றா என்று பார்த்து, தைரியம் சொல்லி அனுப்பினேன்.

அந்த ஒழுங்கைக்காரர்கள் மறுப்புச் சொல்லத் தெரியாதவர்கள். ஸ்டெல்லா பிஸ்கட்டை நீட்டியதும் வாங்கினார்கள். வாங்கி, கையை முழுதாக நீட்டி, தூரத்தில் நின்று போட்டுவிட்டுப் பின்னால் பாய்ந்தார்கள். சூட்டிக்கு இதைவிட நல்ல விளையாட்டு எங்கே கிடைக்கும்? ஒரு கிழமைக்குள் அது தெளிவாகப் பாடம் படித்துவிட்டது. வருகிற ஆள் ஒவ்வொருவரிடமும் பிஸ்கட் இருக்கிறது, தராவிட்டால் உடுப்பைப் பிடித்துக் கேட்கலாம் என்பதுதான் அந்தப் பாடம் என்று அப்போது நினைத்தேன்.

அதன் விளைவு வெள்ளிக்கிழமை தெரிந்தது. ஒழுங்கையில் எல்லாரும் மதிக்கிற ஒரு ஹாஜியார் இருக்கிறார். உப்பு வியாபாரம் செய்து ஓய்ந்தவர், நல்ல உயரம், அதிகம் கதைக்காதவர். ஜும்ஆத் தொழுகைக்கு வெள்ளை வெளேரென்று உடுத்திக்கொண்டு போனவரின் சாரத்தைச் சூட்டி பிடித்து இழுத்துவிட்டது. அவர் திரும்பிப் போய்க் கழுவி, மாற்றி, பள்ளிக்குப் போனபோது சனம் வெளியே வந்துகொண்டிருந்தது. பின்னேரம் குட்டியைப் பார்க்கப் போய் நான் ஸ்டெல்லாவின் வீட்டில் இருக்கும்போது அவர் படலைக்கு வெளியே வந்து நின்றார். அவர் கோபமாக வந்திருந்தால் எங்களுக்கு வசதியாக இருந்திருக்கும்.

"ஸ்டெல்லா, எனக்கு ஒங்களோட கோவம் ஒண்டுமில்ல. அது வாயில்லாத ஜீவன். ஆனா நோன்பு வருது. அந்த நேரம் பொழுதுபட ஒழுங்கை நிறையச் சனம் ஈக்கும். பொண்டுகள், புள்ளைகள் எல்லாம் வரும். அதுக்கு முந்தி ஒரு முடிவு எடுத்துக்கங்க."

"ஓம் ஹாஜியார்" என்றார் ஸ்டெல்லா. அவர் போன பிறகு குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று அழுதார். எனக்கு வெட்கமாக இருந்தது. அதோடு, சொன்னால் சிரிப்பீர்கள், ஒரு கேள்வியும் நமைக்கத் தொடங்கியிருந்தது. அந்த வெள்ளிக்கிழமை அதே ஒழுங்கையில் எத்தனையோ பேர் போயிருப்பார்கள். அவர்களில் ஹாஜியாரை மட்டும் ஏன் பிடித்தது?

பிள்ளைகளே, மருந்து பலிக்கவில்லை என்றால் வேறு மருந்து தேடத்தான் நமக்குக் கை பரபரக்கும். கொஞ்சம் கையைக் கட்டிக்கொண்டு கதிரையைப் போட்டு இருங்கள். நான் அப்படித்தான் செய்தேன். ஸ்டெல்லாவின் படலையடியில் ஒரு பிளாஸ்டிக் கதிரை, எனக்கு ஒரு கோப்பை பிளேன்டீ, சூட்டிக்கு ஒரு கட்டைக் கயிறு. போகிறவர் வருகிறவரையும் குட்டியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒழுங்கைக்கு நான் பெரிய வேடிக்கை. மாட்டு டொக்டருக்கு வேலை இல்லாமல் போய்விட்டது என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார்.

மீன்காரர் சைக்கிளை நிறுத்தினார். உடம்பெல்லாம் மீன் நாற்றம், பெட்டியில் இருந்து தண்ணீர் சொட்டுகிறது. குட்டி பாய்ந்து விழும் என்று நினைத்தேன். மோந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. ஒரு கழுதை அதன் மூக்குக்கு முன்னால் போனது, கணக்கே எடுக்கவில்லை. கைப்பேசியில் கதைத்தபடி ஓர் இளம்பெண் அபாயா மணலில் புரள நடந்து போனாள், குட்டி இருப்பதையே அவள் காணவில்லை, குட்டியும் அவளைச் சட்டை செய்யவில்லை. பிறகு ஹாஜியாரின் மனைவி நபீசா உம்மா வந்தார். மிகக் கவனமான மனுசி. தூரத்திலேயே குட்டியைக் கண்டு வேகத்தைக் குறைத்து வேலியோரமாக ஒதுங்கினார். சூட்டி கயிறு அறுந்துவிடும்போலப் பாய்ந்தது.

எனக்குப் புதிராக இருந்தது. கவனமில்லாதவர்களை விட்டுவிட்டுக் கவனமானவர்களைத்தான் அது தேடிப் பிடித்தது. பயந்தவர்களின் வாசனையோ என்று முதலில் நினைத்தேன். ஹாஜியாருக்கு நாயைக் கண்டு பயமே இல்லை என்பது ஒழுங்கைக்கே தெரியும். உடுப்பின் நிறமும் காரணம் இல்லை, ஆண் பெண் என்ற பேதமும் இல்லை.

மூன்றாம் தரம் நபீசா உம்மா திரும்பி வரும்போதுதான் அவருடைய கையைப் பார்த்தேன். அதுவரை முகங்களையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். எச்சில் படக்கூடாதே என்று அவர் அபாயாவின் விளிம்பை ஒரு கையால் சற்றே உயர்த்தினார், உயர்த்திக்கொண்டு பக்கவாட்டில் கால் வைத்தார். துணி மணலை விட்டுக் கிளம்பி ஆடியது. குட்டியின் கண்ணுக்கு நேரே, குட்டியின் உயரத்தில். ஜும்ஆவுக்குப் போன ஹாஜியாரும் இப்படித்தான் சாரத்தைத் தூக்கியிருப்பார்.

நான் எழும்பி ஒழுங்கையில் இறங்கினேன். சேலை உடுத்தியிருந்தேன். சூட்டியைக் கடந்து சாதாரணமாக நடந்தேன். அது கொட்டாவி விட்டது. திரும்பி வந்து, கொசுவத்தை விரலால் கொஞ்சம் தூக்கி, 'ஐயோ படப்போகிறதே' என்கிற மாதிரி ஒதுங்கினேன். அடுத்த கணம் என் கொசுவத்தில் ஒரு குட்டி தொங்கியது. சேலை கிழிந்தது. எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. ஸ்டெல்லா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

காரணம் பிடிபட்டதும் வாய் முந்திக்கொள்ளும். "எல்லாரிடமும் சொல்லுங்கள், உடுப்பைத் தூக்காமல் நேரே நடக்கட்டும்" என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். நல்ல காலம், முழுங்கிவிட்டேன். நாய் ஒருத்தருடையது, ஒழுங்கை எல்லாருடையது. சுத்தத்துக்காகச் செய்கிற ஒரு காரியத்தை, ஒரு குட்டிக்காக ஊரே விட வேண்டும் என்று எந்த முகத்தோடு கேட்பது? பிஸ்கட் கொடுத்ததிலும் இதே பிழைதான் இருந்தது. ஸ்டெல்லாவின் வேலையை ஒழுங்கைக்காரரிடம் கொடுத்திருந்தேன். குட்டி எல்லாரோடும் சிநேகமாக வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். இங்கே யாருக்கும் அதன் சிநேகம் தேவைப்படவில்லை. போகிற ஆள் தன்பாட்டில் போகட்டும், அது என் சோலி இல்லை என்று குட்டி இருக்க வேண்டும், அவ்வளவுதான் தேவை.

ஆகவே வைத்தியத்தைத் தலைகீழாக்கினோம். யாராவது வந்தால் ஸ்டெல்லாவே ஒதுங்கி ஒரு படலை வாசலில் நிற்பார். குட்டியைத் தன் பக்கம் திருப்பி, உப்பில்லாமல் காயவைத்த நெத்தலி மீனைத் தன் கையால் கொடுப்பார். ஆள் கடந்து போகும்வரை குட்டிக்கு ஸ்டெல்லாவின் முகம்தான் உலகம். நேர் ஒழுங்கையில் இது நன்றாகவே வேலை செய்தது. முடக்கில் கெட்டது. அந்தப் பக்கத்தில் இருந்து ஆள் சட்டென்று முளைப்பார், குட்டி முந்திவிடும், நெத்தலி பிந்திவிடும்.

அந்த முடக்கில் நின்று யோசித்துக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், மதிலுக்கு அப்பால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். கொஞ்சம் கழித்து ஓர் ஆண் முடக்கால் திரும்பி வந்தார். இன்னொரு செருமல், இன்னொரு ஆண். குழாயடியில் நின்ற பெண்கள் செருமல் கேட்டதும் முக்காட்டைச் சரிசெய்து, குடத்தை இழுத்து வழிவிட்டார்கள். அங்கே ஆண்கள் எப்போதும் அப்படித்தான் வருவார்கள். பெண்கள் நிற்கிற இடம், முன்னறிவிப்பில்லாமல் திரும்பக்கூடாது என்ற மரியாதை. இதே கரையோரத்தில் உடப்பில் பிறந்த எனக்கு இது புதிதல்ல. அந்த ஒழுங்கையில் இத்தனை நாளும் அது என் காதில் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது.

"ஸ்டெல்லா, செருமல் கேட்ட உடனே நெத்தலிய குடுங்கோ. ஆள் வர முந்தி."

நாய்க்குட்டிக்கு இதைப் படிக்க நெடுநாள் பிடிக்கவில்லை. செருமல் கேட்டால் தானே வேலியோரம் போய்க் குந்தி, ஸ்டெல்லாவை அண்ணாந்து பார்க்கும். முடக்கால் வருகிறவர் சாரத்தைத் தூக்கினால் என்ன, தூக்காவிட்டால் என்ன, அது பார்க்கவே பார்க்காது. இடையில் ஸ்டெல்லா தடிமன் பிடித்து ஓயாமல் செருமிய கிழமை சூட்டிக்கு நல்ல காலம். வீடு முழுக்கக் குந்திக் குந்தியே நெத்தலி சம்பாதித்தது.

ஒதுங்கி நிற்க முடக்கில் ஒரு படலை வேண்டியிருந்தது. அங்கே இருந்தது ஹாஜியாரின் கேட். ஸ்டெல்லாவும் நானும் போய்க் கேட்டோம். அவர் வெளியே வந்து கேட்டடி மணலைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"கேட்டுக்கு வெளிய நிண்டுக்கங்க. மண்ணுதானே" என்றார். பிறகு, "ஆனா நோன்புக் கதை அப்படியேதான் ஈக்குது" என்றும் சொன்னார்.

முதல் நோன்பு வந்தது. பின்னேரம் நானும் ஸ்டெல்லாவோடு நடந்தேன். ஒழுங்கை நிறைய ஆட்கள். அஸர் தொழுதுவிட்டு வருகிறவர்கள், கஞ்சிக்குக் கோப்பையோடு போகிறவர்கள், பேரீச்சம்பழப் பொதியோடு ஓடுகிறவர்கள். செருமல் மேல் செருமல். ஒவ்வொன்றுக்கும் சூட்டி குந்தியது. ஹாஜியாரும் வந்தார். வேண்டுமென்றே மெதுவாக நடந்து, குட்டியைக் கண்ணெடுக்காமல் பார்த்தபடி கடந்து போய், கொஞ்சத் தூரத்தில் நின்றுகொண்டார். ஸ்டெல்லாவின் முகம் மலர்ந்தது. எனக்கும் வென்றுவிட்டோம் என்றுதான் தோன்றியது. வீட்டுப் பக்கமாகக் கால் வைத்தோம்.

அப்போது முடக்கால் நபீசா உம்மா வந்தார்.

முதல் நோன்புக் கஞ்சி ஒரு பாத்திரம் ஸ்டெல்லா வீட்டுக்குப் போவது வருடா வருடம் நடப்பது. ஆவி பறக்கிற பாத்திரத்தை இரண்டு கையாலும் துணி சுற்றிப் பிடித்திருந்தார். புது அபாயா, தரையில் புரண்டது. அவர் செருமவில்லை. பெண்கள் ஏன் செருமப் போகிறார்கள்? ஆண்களின் செருமலைக் கொண்டு பாடம் சொல்லிக் கொடுத்த எங்கள் இருவருக்கும், ஒழுங்கையில் பாதிப்பேர் பெண்கள் என்பது அந்தக் கணம் வரை உறைக்கவில்லை. இரண்டு பெண்கள் சேர்ந்து விட்ட பிழை அது, கவனித்துக்கொள்ளுங்கள்.

சூட்டியும் அவரும் நேருக்கு நேர். விளிம்பைத் தூக்க அவருக்குக் கையில்லை. ஆகவே பின்னால் ஒரு கால் வைத்தார். அபாயா ஆடியது. குட்டியின் முதுகு தாழ்ந்தது, பாயப் போகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். ஸ்டெல்லாவின் கை கயிற்றை இறுக்கியது. இறுக்கினால் அது இன்னும் உன்னும். கவ்வி இழுத்தால் கொதிக்கிற கஞ்சி நோன்பு பிடித்த மனுசியின் மேல். அதற்குப் பிறகு குட்டியின் கதி இறால் பண்ணையோடுகூட நிற்காது. கத்தினால் அவர் பதறுவார், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குட்டி உற்சாகமாகும்.

நான் வயிற்றில் இருந்து எடுத்து, ஒரு கிழவனாரைப்போலக் கரகரவென்று செருமினேன்.

சூட்டி திரும்பியது. வேலியோரம் போய்க் குந்தியது. ஸ்டெல்லாவை அண்ணாந்து பார்த்தது. ஸ்டெல்லா அவசரத்தில் எடுத்த நெத்தலி மணலில் விழுந்தது, அது பொறுமையாகப் பொறுக்கித் தின்றது. நபீசா உம்மாவோ, எங்களுக்குப் பின்னால் அந்நிய ஆண் ஒருவர் வருகிறார் என்று முகத்தை வேலிப் பக்கம் திருப்பிக்கொண்டு பாத்திரத்தோடு அப்படியே நின்றார். கொஞ்ச நேரம் போய், யாரும் கடக்கவில்லையே என்று மெல்லத் திரும்பினார்.

"யாரு அது ஆம்புள?"

"நான்தான் உம்மா" என்றேன்.

என்னைப் பார்த்தார், குந்தியிருந்த குட்டியைப் பார்த்தார், விசயம் விளங்கியது. பாத்திரம் குலுங்கச் சிரித்தார். "அல்லாஹ்வே, இதுக்குச் செருமத்தான் வேணுமெண்டா எனக்கிட்ட ஒரு சொல்லு செல்லி ஈக்கலாமே. எங்களுக்குத் தொண்ட இல்லயா?" என்று சொல்லிவிட்டுக் கஞ்சியை ஸ்டெல்லாவின் கையில் கொடுத்தார்.

எட்ட நின்ற ஹாஜியார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை. "இறால் பண்ணைக்குச் சொல்லியனுப்பிட்டீங்களா ஸ்டெல்லா?" என்று கேட்டார். இல்லை என்று ஸ்டெல்லா தலையாட்டினார். "சொல்ல வேணாம்" என்றுவிட்டுப் போனார்.

நோன்பின் கடைசி நாட்களில் இன்னொரு தரம் அந்தப் பக்கம் போனேன். வேலை ஒன்றுமில்லை, பார்க்கும் ஆசைதான். ஸ்டெல்லாவும் சூட்டியும் முடக்கை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஹாஜியார் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார். மதிலுக்கு அப்பால் யாரோ செருமினார்கள், மெல்லிய, ஆனால் தயக்கமில்லாத செருமல். பிறகு இன்னொன்று. நபீசா உம்மாவும் குழாயடிப் பெண்கள் இருவரும் இடுப்பில் குடத்தோடு முடக்கால் திரும்பி, நடு ஒழுங்கையில் நேராக நடந்து வந்தார்கள்.

சூட்டி வேலியோரம் போய்க் குந்தியது. ஹாஜியாரும் அதற்குச் சற்றுத் தள்ளி ஒதுங்கி நின்று, அவர்கள் போகும்வரை காத்துக்கொண்டிருந்தார்.